ஜெனரலுக்குக் கேள்வி வரக்கூடாது

கேப்டன் தர்மராஜ் நாட்டைக் காக்கிறான் என்பதில் லாபு மேல்லயத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எப்படிக் காக்கிறான் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

மேல்லயம் என்பது மலேசியச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் கடைக்கோடியில் கிடக்கும் பழைய லயம். ரப்பர் காலத்தில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள். தோட்டம் கம்பெனிக்குக் கம்பெனி கைமாறியது. வீடுகள் கைமாறவில்லை, அப்படியே கிடந்தன. இளசுகள் சிரம்பானுக்கும் செண்டாயானுக்கும் வேலைக்குப் போய்விட்டு இருட்டுகிற நேரத்துக்கு மோட்டாரில் திரும்பி வருவார்கள். முகப்பில் ஒரு மாரியம்மன் கோயில். கோயில் தலைவர் வீரமுத்து, ஒரு காலத்து மண்டோர், தோட்டத்துக் கங்காணி.

"ஏங்க்கா, ஒங்க தம்பி டாங்கி ஓட்டுவாரா, ப்ளேன் ஓட்டுவாரா?" என்று யாராவது கேட்டால் குமுதவல்லி இடுப்பில் கை வைத்துக்கொள்வாள்.

"ரெண்டும் இல்ல. அவன் தலைமையகத்துல இருக்கான். டாங்கி ஓட்றவனுக்கு எங்கிட்டு ஓட்டணும்னு இவன்தான் சொல்றது."

"கேப்டன்னா சும்மாவா?" என்பார் வீரமுத்து. "ஒரு வெரல அசைச்சா போதும்லா. அங்க என்னென்னமோ நடக்கும்."

வீரமுத்து வாழ்க்கையில் எத்தனையோ அளந்திருக்கிறார். இதில் மட்டும் அவர் சொன்னது முழு உண்மை என்று பின்னால் தெரிந்தது.

அம்மா போய்ச் சேர்ந்தபோது தர்மராஜ் இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கவில்லை. அப்பா அதற்கு முன்பே. குமுதவல்லிதான் வளர்த்தாள். மழை பெய்தால் லயத்தில் கரண்ட் போய்விடும். இருட்டில் அவன் குரல் மட்டும் வரும்: "அக்கா, இருக்கியா?" அடுப்படியிலிருந்து இவள் சொல்வாள்: "இருக்கேன்டா." அதற்குப் பிறகுதான் தூங்குவான். அவள் இப்போது செண்டாயானில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைக்கிறாள். அவன் கேப்டன்.

போன திருவிழாவில் அவனுக்குத்தான் முதல் மரியாதை. சீருடையோடு வந்திருந்தான். வீரமுத்து மாலை போட்டு மைக்கை நீட்டியபோது, தோளை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

"நான் இருக்கற வரைக்கும் இந்த லயத்த ஒருத்தனும் தொட முடியாது."

கைதட்டலில் செம்பனையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. குமுதவல்லிக்குக் கண் கலங்கியது. சம்பலுக்கு வெங்காயம் நறுக்கியதில் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அடுத்த மாதம் நாலு பேர் வந்து லயத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டார்கள்.

"என்னாங்க இது?" என்று கேட்டாள் குமுதவல்லி.

"ராணுவத்துக்கும்மா," என்றான் கம்பெனி ஆள். "போர் ஒத்திகை. ஒரே நாள்தான். வெளிநாட்டுப் பெரிய ஆளுங்க வந்து பாப்பாங்களாம். அதுக்குக் காலி நெலம் வேணுமாம்."

"இது காலி நெலமா?"

"ராணுவம் காலின்னு சொல்லுது. நீங்க இருக்கேன்னு சொல்றீங்க. நான் யார நம்புறது?"

அவள் உடனே தம்பிக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மீட்டிங்ல இருக்கேன்."

மறுநாளும் செய்தாள். மீட்டிங். அதற்கு மறுநாளும் மீட்டிங். நாட்டுக்கு இவ்வளவு பேச்சு தேவைப்படுகிறதென்றால் ஆபத்து பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சனிக்கிழமை கேண்டீனில் லீவு சொல்லி, புளிச்சோறும் நெத்திலி சம்பலும் டிபன் கேரியரில் அடுக்கிக்கொண்டு, லாபு ஸ்டேஷனில் ரயில் ஏறினாள்.

வீரமுத்து வழியனுப்ப வந்திருந்தார். "தம்பிகிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும்லா. அந்தக் குச்சிய அவனே வந்து புடுங்கிப் போட்ருவான்."

தலைமையகத்தின் வாசலில் துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் யாரைப் பார்க்க வேண்டும் என்று மலாயில் கேட்டான். தோட்டத்தில் பிறந்தவளுக்கு மலாய் பழகின பாஷை.

"கேப்டன் தர்மராஜ். என் தம்பி."

"எந்த மாடி கேப்டன்? இங்கே சிப்பாய்களைவிட கேப்டன்கள் அதிகம், புவான்," என்றான், அம்மா என்கிற மரியாதையோடு.

டிபன் கேரியரைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. போன் பேசினான். ஒரு லெப்டினன் வந்து கேரியரைச் சுற்றி வந்து பார்த்தார். அவர் இன்னொரு லெப்டினனை அழைத்தார். கேரியரில் மூன்று அடுக்கு இருந்ததால் அதைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. விசாரணை முடியும்வரை கேரியரோடு இருப்பதற்கென்று மூன்றாவதாக ஒரு லெப்டினன் நியமிக்கப்பட்டார். அவர் அதைக் கைக்குழந்தை போல மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

நாலாவது லெப்டினன் குடையோடு வந்தார். மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம். குடையை விரித்து அவள் தலைக்குமேல் பிடித்தபடி கட்டடத்துக்கு அழைத்துப் போனார். வழி முழுக்கக் கூரை போட்ட நடைபாதை.

"கூரை இருக்கே தம்பி?"

"முதலில் குடைக்கு ஆள் போட்டார்கள், புவான். கூரை பிறகுதான் வந்தது."

"அப்பறம் குடைய மடக்கிற வேண்டியதுதானே?"

"மடக்கினால் எனக்கு என்ன வேலை?" என்றார் குடை லெப்டினன், வருத்தத்தோடு. ராணுவக் கல்லூரியில் வாள் பயிற்சியில் முதலாவதாக வந்தவராம். குடையை அவர் பிடித்திருந்த பிடியில் அது தெரிந்தது.

கீழ்த்தளத்தில் லிஃப்ட் திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு பெண் லெப்டினன் பொத்தானை விரலால் அழுத்தியபடி விறைப்பாக நின்றாள்.

"யாருக்கும்மா காத்திருக்க?"

"ஜெனரலுக்கு, புவான்."

"எப்ப வருவாரு?"

"செவ்வாய்க்கிழமை."

குமுதவல்லி படியேறிப் போனாள். மூச்சு வாங்க ஏழாவது மாடிக்கு வந்தபோது, அவளை வரவேற்றவர் யாழ்ப்பாணத் தமிழில் பேசினார். நரைத்த தலை, காலில் பளபளக்கும் சப்பாத்து.

"ஓ, தர்மராஜின்ர அக்காவோ! வாங்கோ, வாங்கோ. நான் மேஜர் மகிந்தன். என்ர அப்பப்பா லாபு பக்கம்தான் தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணியா இருந்தவர். காலமை பெரட்டில உங்கட ஆக்கள நிக்க வச்சுப் பேர் கூப்பிடுறவர்."

"அப்ப எங்க தாத்தா அவருகிட்டதான் தெனமும் 'இருக்கேன்ங்க'ன்னு சொல்லியிருப்பாரு."

"இருக்கும், இருக்கும்," என்று மேஜர் மகிழ்ந்தார். "இருங்கோ. உங்கட தம்பி உள்ளுக்கு ஜெனரலின்ர கூட்டத்துக்கு ஒத்திகை பாக்க ஆயத்தம் செய்யிறார்."

"அவன் இங்க என்னாங்க வேல செய்றான்?" பத்து வருஷமாக மனசில் கிடந்த கேள்வி.

மேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியாள் ஒருவர் அக்கறையாகக் கேட்டு அவருக்கு எத்தனை காலமாயிற்றோ.

"வெளியில ஒருத்தருக்கும் இது விளங்காது, அக்கா. எல்லையில நிக்கிறவைக்கு ஒரு எதிரிதான். அவனப் பாத்துக்கொண்டிருந்தாக் காணும். இஞ்ச நாங்கள் ஜெனரலப் பாத்துக்கொண்டிருக்க வேணும். ஒரு லெப்டினனுக்குத் தண்ணிப் போத்தல். போத்தல்ட பேர் ஜெனரலின்ர பக்கம் திரும்பி இருக்க வேணும். இன்னொருத்தருக்குச் சிரிக்கிற வேலை. ஜெனரல் பகிடி விட்டா இவர்தான் முதல்ல சிரிக்க வேணும். முந்தியும் போகேலாது, பிந்தியும் போகேலாது. ரெண்டு பேருக்கு அந்த வேலையில நெஞ்சுவலி வந்து போட்டுது. உங்கட தம்பி இதெல்லாம் தாண்டி வந்திட்டார். இப்ப அவர் ஸ்லைடு ஆபிசர்."

"அப்படின்னா?"

"சுவர்ல படம் விழும். ஜெனரல் பேனாவால மேசையில ஒருக்காத் தட்டினா, தம்பி ஒரு விரலால பொத்தான அமத்துவார். அடுத்த படம் வரும். ரெண்டு தரம் தட்டினா முந்தின படம்."

"மூணு தடவ தட்டினா?"

மேஜர் குரலைத் தாழ்த்தினார். "அப்பிடி ஒருக்கா நடந்தது. அந்த கேப்டன் இப்ப ஸ்டோரில சப்பாத்து எண்ணுறார்."

குமுதவல்லிக்கு வீரமுத்துவின் விரல் ஞாபகம் வந்தது.

"அதோட இன்னொரு பெரிய பொறுப்பு," என்றார் மேஜர். "ஜெனரலுக்குக் கேள்வி வராமப் பாக்கிறது. அவர் கேள்வி கேட்டா கர்னலுக்குப் பதில் தெரியாது. கர்னல் என்னைப் பாப்பார். எனக்கும் தெரியாது. அப்ப பிழை ஆரில? கேள்வியில. படத்தில ஒரு சின்னப் புள்ளி கிடந்தாலும் 'இது என்ன?' எண்டு கேட்பார். அப்ப படம் துப்புரவா இருக்க வேணும். எதிரி எண்டா எங்களுக்கு அதுதான், அக்கா. கேள்வி."

அந்த நேரம் ஒருவர் ஓடிவந்து மேஜர் காதில் என்னவோ சொன்னார். மேஜர் குமுதவல்லியை மேலும் கீழும் பார்த்தார். தையற்காரர் பார்ப்பது மாதிரி.

"அக்கா, கோவிக்கக்கூடாது. ஒரு உதவி. ஒத்திகையில ஜெனரலின்ர கதிரையில ஒருத்தர் இருக்க வேணும். மைக், வெளிச்சம் எல்லாம் அவர்ட அளவுக்குப் பாக்க வேணும். வழமையா இருக்கிற லெப்டினனுக்கு டெங்கி. மிச்ச லெப்டினன்மார் எல்லாம் மெலிவு. ஜெனரல் கொஞ்சம் கட்டை, கொஞ்சம் பருமன்..."

"நான் கேண்டீன்ல சமைக்கறவங்க."

"உயரம் சரி. அகலமும் சரி."

"ரகசியம் கிகசியம் இருக்காதுங்களா?"

"ரகசியமெல்லாம் நிக்கிற ஆக்களுக்கு, அக்கா. அந்தக் கதிரையில இருக்கிறவருக்கு ரகசியம் இல்ல."

இப்படியாகக் குமுதவல்லி ஜெனரல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்ல நாற்காலி. கால் தரையைத் தொடவில்லை. ஜெனரலுக்கும் தொடாதாம்; அதற்கென்று அடியில் ஒரு பலகை இருந்தது, பலகைக்கு ஒரு லெப்டினன் இருந்தார். தண்ணீர்ப் போத்தல் அவள் பக்கம் முகம் திருப்பியது. கர்னல் உள்ளே வந்தார். நாற்காலியைப் பார்த்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். நாற்காலியில் இருப்பவரின் சேலையை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

"வணக்கமுங்க," என்றாள் குமுதவல்லி. சிரிப்பு லெப்டினன் உடனே சிரித்தார். பிறகு வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு வெளுத்துப்போனார்.

தர்மராஜ் கணினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அக்காவைப் பார்த்தான். ஒரு கணம் அந்த முகத்தில் பழைய பையன் எட்டிப் பார்த்தான். அப்புறம் குதிகால்கள் சத்தமாகச் சேர்ந்தன. சல்யூட்.

"தம்பி..." என்று முகம் மலர்ந்தாள்.

"அக்கா, ஜெனரல் பல்லுக் காட்டமாட்டார்," என்று மேஜர் பின்னாலிருந்து முணுமுணுத்தார்.

விளக்கு அணைந்தது. சுவரில் படம் விழுந்தது. மேஜர் சொன்னபடி அவள் பேனாவால் தட்டினாள். தம்பியின் விரல் அசைந்தது. டாங்கி வந்தது. தட்டினாள். ஹெலிகாப்டர் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. தட்டினாள்.

பச்சையாக ஒரு வரைபடம். ஒரு பக்கம் ரயில் பாதை. இந்தப் பக்கம் ஆறு யானைத் தும்பிக்கை மாதிரி வளைகிறது. அந்த வளைவில்தான் அவள் சின்ன வயதில் துணி துவைத்தாள். வளைவுக்குமேல் லயம் இருக்க வேண்டும், கோயில் இருக்க வேண்டும். பச்சைதான் இருந்தது. நல்ல இளம் பச்சை.

"பயிற்சிப் பகுதி," என்று தர்மராஜ் மலாயில் வாசித்தான். "திறந்த வெளி. தடைகள் இல்லை. குடியிருப்பு இல்லை."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அங்க லயம் இருக்கே?"

அறை உறைந்துவிட்டது. தண்ணீர்ப் போத்தல் லெப்டினன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, ஜெனரல் கேள்வி..." என்று மேஜர் தொடங்கினார். கர்னல் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கர்னலுக்கு ஒழுங்கு என்றால் ஒழுங்கு. நாற்காலியிலிருந்து வந்தால் அது ஜெனரலின் கேள்வி.

"ஜெனரல் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். கேப்டன், பதில்."

தர்மராஜ் எழுந்து நின்றான்.

"கோயிலு இருக்கே," என்றாள் குமுதவல்லி. பிறகு எல்லோருக்கும் புரியட்டும் என்று மலாயிலும் கேட்டாள். "அங்கே ஆட்கள் இருக்கிறார்களே? அதைச் சொல்லு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு ஒரு சாண் மேலே, சுவரைப் பார்த்தான்.

"சானா தியாடா ஓராங், துவான்."

அங்கே ஆள் யாரும் இல்லை, ஐயா.

சொன்ன குரலில் நடுக்கம் இருந்ததா என்று அவள் பிற்பாடு பல நாள் யோசித்துப் பார்த்தாள். இல்லை. நல்ல தெளிவான குரல். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு அவள் பழக்கிய அதே குரல்.

கர்னல் மட்டும் திருப்தியடையவில்லை. "இது ஆபத்தான கேள்வி," என்று அறையைப் பார்த்துச் சொன்னார். "இன்று நாற்காலி கேட்டது. நாளை ஜெனரலே கேட்கலாம். இந்தக் குறை நமக்கு முன்பே தெரிந்தது நம் பாக்கியம்." பிறகு குமுதவல்லியின் பக்கம் திரும்பினார். "இந்தக் கேள்வி இனிமேல் எழாது, துவான். இது என் வாக்கு."

குமுதவல்லி எழுந்து நின்று அவரைக் கும்பிட்டாள்.

நடைபாதையில் தம்பியைப் பிடித்தாள்.

"என்னாடா அது? எங்கள கண்ணால பாத்துக்கிட்டே இல்லேங்கற?"

"அக்கா, மெதுவா. அது ஒத்திகைக்கா. ஒத்திகைல சொல்றதுக்கெல்லாம் அர்த்தம் கெடையாது."

"அப்ப நெசத்துல என்னா சொல்லுவ?"

"நெசத்துல கேள்வியே வராது."

"படத்துல நம்ப வீடு எங்கடா?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "மொதல்ல போட்டேன்க்கா. சத்தியமா. லயத்தப் போட்டேன், கோயிலுக்குச் சின்னதா ஒரு கோபுரம்கூடப் போட்டேன். கர்னல் வந்து 'இது என்ன புள்ளி'ன்னாரு. எடுத்துருன்னாரு. எடுத்துட்டேன். அப்பறம் ஜெனரல் படத்தப் பாத்துட்டு 'நல்ல பச்ச'ன்னாரு. எல்லாரும் எனக்குக் கை குடுத்தாங்க."

"எடுக்கறப்ப ஒனக்கு ஒன்னும் தோணலியா?"

"பட்டன்தானேக்கா."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ போக்கா. நான் பாத்துக்கறேன். கர்னலே வாக்குக் குடுத்துருக்காரு இல்ல?"

அந்தக் கை சூடாகத்தான் இருந்தது. அவள் நம்பினாள். டிபன் கேரியர் இன்னும் விசாரணையில் இருந்தது, வெறுங்கையோடு ரயிலேறினாள்.

மேல்லயத்தில் அவளைச் சுற்றிக் கூட்டம் கூடியது. "கர்னலே எழுந்து நின்னு சொன்னாரு," என்றாள். "இனிமே அந்தக் கேள்விக்கே எடமில்லயாம்." தம்பி சொன்ன அந்த மலாய் வாக்கியத்தை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீரமுத்து அம்மனுக்குப் பொங்கல் வைத்தார். சிவப்புத் துணியில் ஒன்றைப் பிடுங்கிக் கோழிக்கூண்டுக்குத் திரையாகக் கட்டினார்.

பொங்கல் வைத்து இரண்டு வாரத்தில் புல்டோசர் வந்தது.

கம்பெனி ஆள் செண்டாயானில் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளின் சாவிகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொண்டுவந்திருந்தான். லோரிகள் வரிசையாக நின்றன. மேஜர் மகிந்தன் ஜீப்பிலிருந்து இறங்கினார்; அவருக்குமேல் குடை இறங்கியது.

"என்னாங்க இது!" குமுதவல்லி ஓடினாள். "கேள்வி வராதுன்னு கர்னல் வாக்குக் குடுத்தாரே!"

"குடுத்த வாக்கைக் காப்பாத்துறம், அக்கா. பாத்தீங்களோ, எவ்வளவு கெதியா?" மேஜருக்கு உண்மையிலேயே பெருமை. "உங்கட கேள்வி நல்ல கேள்வி. எங்கள் ஒருத்தருக்கும் அது தோணேல்ல. இப்ப பாருங்கோ, படத்தில குடியிருப்பு இல்ல. நிலத்தில இருக்குது. ரெண்டில ஒண்ட மாத்த வேணும். படத்த மாத்துறதெண்டா ஏழு பேர் ஒத்துக்கொள்ள வேணும். அதில ரெண்டு பேர் லீவில. ஜெனரல் வேற பச்சைய நல்லாருக்கெண்டு சொல்லிப் போட்டார். நிலத்த மாத்துறதுக்குக் கம்பெனி ஒண்டு ஓமெண்டாச் சரி."

"படம் சரியா இருக்கணும்னு வீட்ட இடிக்கிறீங்களா?"

"படம் பொய் சொல்லக்கூடாது, அக்கா," என்றார் மேஜர், சற்றே கண்டிப்பாக. "இது ராணுவம். நேர்மை முக்கியம்."

வீரமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ஐயா, எங்க கேப்டன் தம்பிக்கு இது தெரியுமா? தெரிஞ்சா நடக்கறதே வேற."

"தெரியுமோவோ? யோசனையே அவர்டதான்! கர்னல் ரெண்டு நாள் நித்திரை இல்லாம இருந்தவர். தர்மராஜ்தான் சொன்னவர், படத்த விட்டிட்டு நிலத்தத் திருத்துவம் எண்டு. சரியான கெட்டிக்காரன்."

வீரமுத்துவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு அவர் மெதுவாக வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

குமுதவல்லி போனை எடுத்தாள். மணி அடித்தது.

"அக்கா, மீட்டிங்ல..."

"இருடா. ஒரே ஒரு கேள்வி."

போன் செத்துப்போனது.

அவள் மேஜரிடம் திரும்பி வந்தாள். "ஒங்க அப்பப்பா பெரட்டுல பேர் கூப்புட்டாரு. எங்காளுங்க இருக்கேன்னாங்க. நீங்க பேரே கூப்புடாம இல்லைன்னு எழுதிட்டீங்களே, ஐயா."

மேஜர் யோசித்தார். "அந்த நாளில ஸ்லைடு இல்லத்தானே, அக்கா," என்றார்.

அம்மனை லோரியில் ஏற்றினார்கள். வீரமுத்து விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குடை லெப்டினன் தானாகவே ஓடிப்போய் அம்மனுக்குக் குடை பிடித்தார். மேஜர் கூப்பிட்டதும் திரும்பி வந்துவிட்டார்.

போர் ஒத்திகை அங்கே நடக்கவில்லை. நிஜமான கூட்டத்தில் ஜெனரல் அந்தப் பச்சையைத் தட்டி அடுத்த படத்துக்குப் போனாராம். அது கடல். நல்ல நீலம். "இது இன்னும் நன்றாக இருக்கிறதே," என்றாராம். ஒத்திகை கடலுக்குப் போய்விட்டது. லயம் இருந்த இடத்தில் லாலாங் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. படத்தில் இருக்கிற அதே பச்சை.

ஜெனரல் அந்தக் கூட்டத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தலைமையகத்தின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லையாம். கேப்டன் தர்மராஜுக்கு மேஜர் பதவி அறிவித்தார்கள்.

அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடுவதில்லை. அம்மன் வீரமுத்துவின் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வீரமுத்து கீழ் மாடியிலிருந்து போன் செய்தார்.

"தங்கச்சி, தம்பி படியேறி வர்றாரு. கூட ஒருத்தரு கொடையும் ஒங்க டிபன் கேரியரும் தூக்கிக்கிட்டு வர்றாரு."

குமுதவல்லி அடுப்பை அணைத்தாள். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். அங்கேயே நின்றாள்.

சப்பாத்துச் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"அக்கா, நான்தான்க்கா. வியாழக்கிழம எனக்கு மேஜர் பட்டை குத்துறாங்க. ஒரு தோள்ல ஜெனரல் குத்துவாரு, இன்னொரு தோள்ல வீட்டாளு குத்தணும். அதான் மொற. ஒனக்கு மொத வரிசைல நாற்காலி போட்டாச்சுக்கா."

அவள் தாழ்ப்பாளின்மேல் கை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

"கேரியர் கொண்டாந்துருக்கேன். விசாரண முடிஞ்சிருச்சு. ஒன்னும் தப்பில்லையாம்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒன் நாற்காலி காலியா இருந்தா ஜெனரல் கேப்பாருக்கா. எனக்கு வேற யார் இருக்கா?"

பிறகு வேறு குரல் வந்தது. சீருடை இல்லாத குரல். லயத்தில் கரண்ட் போன இருட்டில் வருகிற குரல்.

"அக்கா... இருக்கியா?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரு பதில்தான் எப்போதும் உண்டு. அது நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். தோளை நிமிர்த்தினாள். கதவுக்கு ஒரு சாண் மேலே, சுவரைப் பார்த்தாள்.

"சினி தியாடா ஓராங், துவான்."

இங்கே ஆள் யாரும் இல்லை, ஐயா.

நல்ல தெளிவான குரல்.

வெளியே டிபன் கேரியரைத் தரையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குடை லெப்டினன் பணிவாக மலாயில் பேசினார்.

"துவான், யாரும் இல்லையாம்."

"கேட்டது."

"யாரும் இல்லையென்றால், அதைச் சொன்னது யார், துவான்?"

கதவுக்குப் பின்னால் குமுதவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தாள்.

குடை விரியும் சத்தம் கேட்டது. கூரைக்குக் கீழே, படிக்கட்டில், சப்பாத்துகள் இறங்கிப் போயின.